விண்வெளித் தொழில் தரையில் வளர்கிறது

விண்வெளித் தொழில் என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? நெருப்பைக் கக்கிக்கொண்டு ஏவுதளத்தை விட்டு எழும் ராக்கெட்தான் பெரும்பாலோருக்குத் தோன்றும். அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்தக் காட்சி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ராக்கெட் சுமந்து சென்ற செயற்கைத் துணைக்கோளோ அதன்பின் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் உழைக்கிறது. அந்த உழைப்பை வாங்குபவர் யார்? அதனால் அவருக்குக் கிடைக்கும் நன்மை என்ன? இந்த இரண்டு வினாக்களுக்கு ஒரு நாடு கண்டுபிடிக்கும் விடைதான் அதன் விண்வெளித் தொழில் வளருமா, தேயுமா என்பதை முடிவு செய்கிறது. இந்தியாவின் ஐம்பது ஆண்டு அனுபவத்தைக் கொண்டு இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நூறு ரூபாய்க் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. உலகத் துணைக்கோள் தொழிலின் வருமானத்தை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடும் தொழில் சங்கம் ஒன்று அமெரிக்காவில் உள்ளது. அதன் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இத்தொழிலின் மொத்த வருமானம் ஏறத்தாழ 28,100 கோடி டாலர். இதில் ராக்கெட் ஏவுதலுக்குக் கிடைத்தது 700 கோடி டாலர். துணைக்கோள்களைக் கட்டுவதற்குக் கிடைத்தது சுமார் 1,580 கோடி. தொலைக்காட்சி, தகவல் தொடர்பு, புவிப்படங்கள் போன்ற சேவைகளுக்குக் கிடைத்தது சுமார் 11,300 கோடி. தரையில் உள்ள கருவிகளுக்குக் கிடைத்தது சுமார் 14,500 கோடி.

இதை நூறு ரூபாயாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஏவுதலுக்கு இரண்டரை ரூபாய். கோள் கட்டுவதற்கு ஐந்தரை ரூபாய். சேவைகளுக்கு நாற்பது ரூபாய். தரைக் கருவிகளுக்கு ஐம்பத்திரண்டு ரூபாய். உங்கள் கைப்பேசிக்குள் இருப்பிடம் காட்டும் சிறு சில்லும், வீட்டு மாடியில் உள்ள தொலைக்காட்சித் தட்டும் இந்த ஐம்பத்திரண்டு ரூபாயில் அடக்கம். ஆக, விண்வெளித் தொழில் என்று நாம் சொல்வதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தரையிலேயே நடைபெறுகிறது!

அப்படியானால் ராக்கெட் தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைதான். ராக்கெட் இல்லையேல் மற்ற தொண்ணூற்றேழரை ரூபாயும் இல்லை. ஆனால் ராக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலை வளர்க்க முடியாது. ரயில் எஞ்சின் எவ்வளவு சிறந்ததாயினும், ஏறுவதற்குப் பயணிகளும் ஏற்றுவதற்குச் சரக்கும் வேண்டும் அல்லவா?

தென்னையில் தொடங்கிய கதை

இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று அன்று பலர் கேட்டனர். மக்களின் அன்றாடச் சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த முடியும் என்பதே சாராபாயின் விடை.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1970ஐ ஒட்டிய காலத்தில் கேரளத்தின் தென்னந்தோப்புகளை வேர்வாடல் நோய் தாக்கி வந்தது. அன்று நம்மிடம் துணைக்கோள் எதுவும் இல்லை. பேராசிரியர் பிஷரோடியின் தலைமையில் ஒரு குழு, அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவு செய்யும் படச்சுருளைக் காமிராவில் பொருத்தி, ஹெலிகாப்டரிலிருந்து தோப்புகளைப் படம் பிடித்தது. நோயுற்ற மரங்கள் நலமுள்ள மரங்களிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தன.

இது எப்படி நிகழ்கிறது? இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் இலையின் உள்ளமைப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. இலை நலம் குன்றும்போது இவ்வாறு திரும்பும் கதிர்களின் அளவும் மாறுகிறது. நம் கண்ணுக்கு மரம் பச்சையாகவே தோன்றினாலும், அகச்சிவப்புப் படத்தில் வேறுபாடு வெளிப்படும். தொலையுணர்தல் என்று இன்று நாம் வழங்கும் துறைக்கு இந்தியாவில் இதுவே தொடக்கம். கோள் வருவதற்கு முன்பே அதன் பயன் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இரவல் கோள், சொந்தத் தரை

அடுத்தது தொலைக்காட்சி. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக் காலம் இந்தியாவில் ஒரு பெரும் சோதனை நடந்தது. ‘சைட்’ என்று அதைச் சுருக்கமாக அழைத்தார்கள். ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி நேராகச் சென்றது. வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம், பள்ளிப் பாடம் ஆகியவை நிகழ்ச்சிகளில் முதலிடம் பெற்றன. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை.

துணைக்கோள் நம்முடையதன்று. அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்குச் சொந்தமான ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளை ஓராண்டுக்கு இரவலாகப் பெற்றோம். ஆனால் தரையில் இருந்தவை நம்முடையவை. தரை நிலையங்கள், ஏற்புக் கருவிகள், நிகழ்ச்சிகள், அவற்றைப் பழுது பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் ஆகிய அனைத்தும் இந்தியாவினுடையவை. ஏற்புக் கருவிகளை ஹைதராபாத்தில் உள்ள மின்னணுக் கழகம் செய்து கொடுத்தது.

இதில் ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் கோள், புவி தன்னைத்தானே சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே நமக்கு அது வானில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அதனால்தான் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் தட்டு ஒரே திசையைப் பார்த்தபடி அசையாமல் இருக்கிறது. ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை பரவிப் பரவி மெலிந்துவிடுகிறது. தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகும் என்ற விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஏ.டி.எஸ்.-6 இந்தத் தொலைக்காட்சிக்காகச் செலவிட்ட அலையாற்றல் நூறு வாட்டுக்கும் குறைவு. ஒரு குண்டு விளக்குக்குச் சமம் எனலாம். கிராமத்து ஆன்டெனாவில் வந்து விழுந்ததோ ஒரு வாட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. கோளின் ஆன்டெனாவைச் சிறிதாக வைத்தால் தரையில் மிகப் பெரிய ஆன்டெனாக்கள் வேண்டும். கோளின் ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் தரையில் சிறியதே போதும். ஏ.டி.எஸ்.-6 விண்ணில் சென்றபின் குடைபோல் விரிந்த ஆன்டெனாவின் விட்டம் 9 மீட்டர். ஆகவே கிராமத்தில் 3 மீட்டர் விட்டமுள்ள தட்டே போதுமானதாயிற்று. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே அத்தட்டுகளைச் செய்தார்கள்! ஒரு கோளில் செலவைக் கூட்டி, ஆயிரக்கணக்கான கிராமங்களில் செலவைக் குறைக்கும் இந்தக் கணக்குதான் துணைக்கோள் சேவை அனைத்துக்கும் அடிப்படை.

ஓராண்டு முடிந்ததும் இரவல் கோள் திரும்பிச் சென்றுவிட்டது. ஆனால் அதை இயக்கக் கற்றுக்கொண்ட பொறியாளர்களும், நிகழ்ச்சி தயாரிப்பாளர்களும், இது வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய மக்களும் இங்கேயே இருந்தார்கள். அடுத்து வந்த இன்சாட் திட்டத்துக்கு இவர்களே அடித்தளம்.

மூன்று வேலைக்கு ஒரே கோள்

பிற நாடுகள் தகவல் தொடர்புக்கு ஒரு கோள், வானிலைக்கு வேறொரு கோள் என்று ஏவி வந்தபோது, இந்தியா இரண்டையும் ஒன்றிலேயே வைத்தது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலைப் படம் மூன்றும் ஒரே இன்சாட் கோளில். செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயமே இதற்குக் காரணம். இவ்வரிசையின் முதற் கோள் 1982 ஏப்ரலில் ஏவப்பட்டுச் சில மாதங்களிலேயே செயலிழந்தது. அடுத்ததான இன்சாட்-1பி, 1983 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் சென்று வெற்றிகரமாக இயங்கியது. இவை அமெரிக்க நிறுவனம் ஒன்று நமக்காகக் கட்டித் தந்தவை.

இன்சாட்-1பி வந்தபின் நாடெங்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையங்கள் விரைந்து முளைத்தன. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலிருந்து வந்த பெட்டிகளை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். அப்பெட்டிகளைச் செய்தவர்கள் தங்களை விண்வெளித் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் நம் நூறு ரூபாய்க் கணக்கில் பார்த்தால் அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1994இல் தேசியப் பங்குச் சந்தை, ஊர் ஊராகச் சிறு துணைக்கோள் நிலையங்களை அமைத்துக் கணிப்பொறித் திரை வழியே வணிகம் நடத்தத் தொடங்கியதும் இப்படிப்பட்ட ஒரு சேவையே.

இந்தத் தேவை பெருகியதால்தான் கோளை நாமே கட்டும் துணிவு வந்தது. இந்தியாவில் கட்டப்பட்ட இன்சாட்-2ஏ 1992 ஜூலையில் ஏவப்பட்டது. ஆனால் அதைச் சுமந்து சென்றது ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட். கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் கோளை நம் சொந்த ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2004இல் கொண்டு சென்றது. அதன் எடை இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 4,400 கி.கி. எடையுள்ள தகவல் தொடர்புக் கோளை நம் மண்ணிலிருந்து நம் ராக்கெட் ஏற்றிச் சென்றது 2025 நவம்பரில்தான்.

வரிசையைப் பாருங்கள். முதலில் சேவை, பிறகு கோள், கடைசியில் கனரக ராக்கெட். ராக்கெட் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாம் காத்திருந்தால், ஐம்பது ஆண்டுகள் தொலைக்காட்சியும் வானிலைப் படமும் இன்றி இருந்திருப்போம். ராக்கெட் செய்யப் பணம் தாருங்கள் என்று கேட்பதற்கும் காரணம் இருந்திருக்காது.

படம் வந்தால் போதுமா?

சேவை என்ற சொல்லைச் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டும். துணைக்கோள் படம் அனுப்புகிறது. அது மட்டும் சேவை ஆகிவிடுமா?

1999 அக்டோபர் 29 அன்று ஒரிசாக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. இன்சாட் கோள்கள் அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தன. புயல் வருவதும் தெரிந்திருந்தது. இருந்தும் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே கடற்கரையை பைலின் என்னும் கடும்புயல் தாக்கியது. இம்முறை இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. புயலுக்கு முன்பே ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர்.

இரண்டுக்கும் நடுவே துணைக்கோள்களும் கணிப்பும் மேம்பட்டன என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் தரையில் நிகழ்ந்தது. புயல் புகலிடங்கள் கட்டப்பட்டன. எந்தச் செய்தி வந்தால் யார் யாரை எங்கே அழைத்துச் செல்வது என்பது முன்கூட்டியே முடிவாகி, மக்களும் ஒத்திகை பார்த்திருந்தனர். கோளின் கண்ணில் பட்ட செய்தி, குடிசையில் இருப்பவரின் காலை நகர்த்தும் வரை உள்ள நீண்ட சங்கிலி முழுவதும் சேர்ந்ததுதான் சேவை. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண்.

மீன் இருக்கும் இடம்

இச்சங்கிலி நன்றாக இயங்கும் ஓர் இடம் கடல். கடலில் எல்லா இடத்திலும் மீன் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் இடங்களில் ஊட்டப்பொருள்கள் மிகுதி. அங்கே நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகும். அவற்றை உண்ணும் சிற்றுயிர்களும், அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், அவற்றைத் துரத்திப் பெரிய மீன்களும் வந்து சேரும்.

மீனைத் துணைக்கோளால் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு அறிகுறிகளைப் பார்க்க முடியும். ஒன்று, கடல்மேற்பரப்பின் வெப்பநிலை. இதை நீரிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களால் அளக்கலாம். மற்றொன்று, கடலின் நிறம். மிதவைத் தாவரங்களின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சுவதால் நீலக்கடல் பச்சையை நோக்கிச் சாய்கிறது. வெப்பநிலை சட்டென மாறும் எல்லையும் பச்சையம் மிகுந்த இடமும் ஒன்றுசேரும் பகுதியில் மீன் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். 1999, 2009, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்தியா ஏவிய ஓஷன்சாட் கோள்கள் கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே அமைந்தவை.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவற்றைக் கணித்து, எந்த மீன்பிடி துறையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழமுள்ள பகுதி என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிக்கிறது. மேகம் மூடினால் இந்த அளவீடு தடைப்படும். மீன் கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் தேடி அலையும் நேரம் குறைகிறது, டீசல் மிச்சமாகிறது. படகில் செல்வோருக்குக் கதிரியக்க அளவியோ வண்ணப்படமோ தேவையில்லை. திசை, தொலைவு, ஆழம் என்ற மூன்று எண்கள் போதும். கோளின் ஏராளமான அளவீடுகளை மூன்று எண்களாகச் சுருக்கித் தருவதுதான் இங்கே தொழில்.

படகில் இல்லாத பெட்டி

அதே கடலில் சங்கிலி அறுந்த நிகழ்ச்சியும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் குமரி முனையருகே ஒக்கிப் புயல் உருவாகி மிக விரைவில் வலுத்தது. தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள், சில வேளைகளில் பல வாரம் தங்கி மீன் பிடிப்பவர்கள். புயல் உருவாகும் முன்பே பலர் கரையை விட்டுப் போயிருந்தனர். கரையிலிருந்து சில கி.மீ. தொலைவுக்கு அப்பால் கைப்பேசி எட்டாது. கோள்கள் புயலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் அச்செய்தியை நடுக்கடலில் வாங்குவதற்குப் பல படகுகளில் கருவி இல்லை. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். குமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூர்களில் அந்த இழப்பின் வடு இன்றும் ஆறவில்லை.

அதற்குமுன் கருவியே இல்லாமல் இல்லை. ஆபத்தில் உள்ள படகு, தான் இருக்கும் இடத்தைத் துணைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரிவிக்கும் கருவியை இஸ்ரோ 2010 முதலே வழங்கி வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால் அது ஒருவழிப் பாதை. படகு கூப்பிடலாம், கூப்பிட்டது கேட்டதா என்று அதற்குத் தெரியாது. கரையிலிருந்து எச்சரிக்கையும் வராது. 2019இல் ‘ஜெமினி’ என்னும் சிறு பெட்டி வந்தது. இது துணைக்கோளிலிருந்து புயல், மீன்வளச் செய்திகளை வாங்கிக் கைப்பேசியில் காட்டும். இதுவும் ஒருவழிதான், எதிர்த் திசையில். 2024இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை ஆபத்துக் கருவியில்தான் கூப்பிடுவதும் விடை பெறுவதும் ஒன்றாக அமைந்தன. ஒரு லட்சம் படகுகளில் துணைக்கோள் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் அரசுத் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது.

கவனியுங்கள்: இங்கே குறைவாக இருந்தது துணைக்கோள் அன்று, உப்புக்காற்றில் துருப்பிடிக்காத, மின்கலம் பல நாள் தாங்கும், மீனவர் வாங்கக்கூடிய விலையில் உள்ள ஒரு பெட்டி. ஒரு லட்சம் பெட்டிகள் என்றால் அவற்றைச் செய்பவர், பொருத்துபவர், பழுது பார்ப்பவர், அவற்றுக்குச் செய்தி எழுதுபவர் என்று எத்தனை பேருக்கு வேலை! உயிர் காக்கும் தேவையும் தொழில் வளரும் வாய்ப்பும் ஒரே இடத்தில் இருப்பதைக் காண்கிறோம்.

கடிகாரம் நின்றால்

ஆனால் தரையில் மட்டும் கண் வைத்து வானத்தை மறந்தாலும் ஆபத்துதான். இருப்பிடம் அறிவதற்கு அமெரிக்காவின் ஜி.பி.எஸ். உலகெங்கும் பயன்படுகிறது. இந்தியா தனக்கென ‘நாவிக்’ என்னும் அமைப்பை 2013 முதல் விண்ணில் நிறுவத் தொடங்கியது. அதன் உயிர்நாடி அணுக்கடிகாரம்.

ஏன் கடிகாரம்? கோளிலிருந்து அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கொண்டே தொலைவு கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கி.மீ. செல்கிறது. ஆகவே நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தொலைவில் 300 மீட்டர் தவறிவிடும். மேலும், நாம் அறிய வேண்டியவை நான்கு: நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுடன், நம் கருவியின் கடிகாரப் பிழையும் ஒன்று. நான்கு தெரியாதவற்றைக் காண நான்கு சமன்பாடுகள் வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும்.

நாவிக் கோள்களில் வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய கடிகாரங்கள் 2016 முதல் ஒவ்வொன்றாகப் பழுதாயின. உள்நாட்டில் செய்த ருபீடியம் கடிகாரத்துடன் 2023 மே மாதத்தில் ஒரு கோள் வெற்றிகரமாகச் சென்றது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோளை உரிய பாதைக்கு உயர்த்த முடியவில்லை. 2025ஆம் ஆண்டு நடுவில் வெளியான அரசின் கணக்குப்படி, அதுவரை ஏவிய பதினொன்றில் இருப்பிடம் காட்டும் சேவையில் இருந்தவை நான்கு மட்டுமே. அதாவது, தேவையான குறைந்த அளவு.

இத்தகைய நிலையில் கைப்பேசி நிறுவனங்களிடமும் வாகன உற்பத்தியாளர்களிடமும் எங்கள் அமைப்பை நம்புங்கள் என்று சொல்வது எளிதன்று. சேவை என்பது ஒரு நாள் வெற்றி அன்று. நாள்தோறும் தவறாமல் கிடைப்பது. இரண்டு நாள் மின்சாரம் வந்து மூன்றாம் நாள் நின்றால், மின்மோட்டாரை நம்பி யார் நாற்று நடுவார்?

இனி வரும் ஆண்டுகள்

2019இல் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனமும், 2020இல் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதியும் ஊக்கமும் அளிக்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பும் தோன்றின. ஒரு சிறு மாற்றம் இங்கே பெரும்பொருள் உடையது. முன்பெல்லாம் கோளை ஏவிய பிறகு அதன் அலைவழிகளை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று பார்ப்பார்கள். 2022 ஜூனில் சென்ற ஜிசாட்-24 கோளின் முழுத்திறனையும் வீட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று முன்கூட்டியே குத்தகைக்கு எடுத்திருந்தது. கடையைத் திறந்துவிட்டு வாடிக்கையாளரைத் தேடாமல், வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து தரும் முறை இது.

இன்-ஸ்பேஸ் 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி இந்திய விண்வெளிப் பொருளாதாரத்தின் அளவு சுமார் 840 கோடி டாலர். உலக அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. இதை 2033க்குள் 4,400 கோடி டாலராக உயர்த்துவது இலக்கு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் ஐந்து மடங்கு வளர்ச்சி ஏவுதளத்திலிருந்து மட்டும் வந்துவிடாது என்பதை நூறு ரூபாய்க் கணக்கு நமக்குக் காட்டிவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்கு வயல் வாரியாகச் சேதம் கணக்கிடுவோர், ஏரி ஆக்கிரமிப்பைப் படத்தில் அளந்து காட்டுவோர், மலையூர்ப் பள்ளிக்கு இணைய இணைப்புக் கொடுப்போர் ஆகியோரிடமிருந்தே அது வர வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களே, விண்வெளித் துறையில் சேர ராக்கெட் பொறியியல் ஒன்றே வழி என்று எண்ணிவிடாதீர்கள். மின்னணுவியல், புள்ளியியல், கடலியல், வேளாண்மை எதைப் படித்தாலும் இங்கே வேலை இருக்கிறது. படத்தில் உள்ளதை மக்களின் மொழியில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கும் இடம் உண்டு. இதை நீங்களே தொடங்கிப் பார்க்கலாம். இஸ்ரோவின் ‘புவன்’ என்னும் இணைய நிலப்படத்தில் உங்கள் ஊரைத் தேடி எடுங்கள். ஊர் ஏரியின் எல்லையைப் படத்தில் பாருங்கள். பிறகு நேரில் சென்று கரையைச் சுற்றி நடந்து, படத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா என்று குறித்து வாருங்கள். தொலையுணர்தல் வல்லுநர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இதற்குத் தரைச் சரிபார்ப்பு என்று பெயர். உங்கள் குறிப்பேட்டில் உள்ள அந்த வேறுபாடு ஊராட்சிக்குப் பயன்பட்டால், நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிட்டீர்கள்.

அடுத்த புயல் வரும்போது கோள்கள் அதைக் கட்டாயம் பார்த்துவிடும். அந்தச் செய்தி ஆழ்கடலில் இருக்கும் கடைசிப் படகுக்கும் போய்ச் சேர்கிறதா என்பதுதான் நம் விண்வெளித் தொழில் எழுத வேண்டிய தேர்வு.